அப்பாவின் சோறு

ஹொல்ம்லியா போகும் ரயிலில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் இருந்தார்கள்.

"அப்பாவின்ரை சோத்தை நரி திண்டிட்டுது," என்றாள் மகள்.

"காகத்துக்கெல்லோ வைக்கச் சொன்னனான்."

"எங்கடை பல்கனியிலை பறவைக்குச் சாப்பாடு வைக்க விடாயினம் எண்டுதானே யுனிவர்சிட்டிக்குக் கொண்டுபோனனான். லைப்ரரிக்குப் பின்னாலை மரமெல்லாம் காகம். ஒண்டும் இறங்கேல்லை. பற்றைக்குள்ளையிருந்து நரிதான் வந்தது. மூண்டு வருசமாப் படிக்கிறன், அங்கை நரி இருக்கெண்டே எனக்குத் தெரியாது."

"திவசமும் அதுவுமா காகம் தொடேல்லை. அவருக்கு இன்னும் மனம் ஆறேல்லைப் போலை."

ரயில் ஒரு நிலையத்தில் நின்று புறப்பட்டது.

"நரி எப்பிடி இருந்தது?"

"எலும்பும் தோலும். முடியெல்லாம் கொட்டிப்போய்."

தாய் சன்னல் பக்கம் திரும்பினாள்.

"ஆசுப்பத்திரியிலை கடைசி மாதம் அவரும் அப்பிடித்தானே இருந்தவர்," என்றாள். பிறகு கேட்டாள்: "வடிவாச் சாப்பிட்டுதோ?"