அற்புதம் ரீச்சர் கேட்ட திருத்தம்

தலைமை வகிக்கும் பங்குத்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் முன்பள்ளி ஆசிரியைகளே, வலையை உலரவிட்டு வந்திருக்கும் முல்லைத்தீவுக் கரையோரத்துத் தாய்மாரே, தகப்பன்மாரே, வணக்கம்.

முன்பள்ளி ஆசிரியை திருமதி அற்புதம் கிறகோரி அவர்கள் கடந்த செவ்வாய்க்கிழமை காலமானார். அன்று முதல் ஒரே கேள்விதான் என் காதில் விழுகிறது. "இனி ஆர் எங்கட பிள்ளையளுக்கு வாசிக்கப் பழக்கிறது?" செத்தவீட்டு வாசலிலும் கேட்டேன், சேமக்காலையில் அடக்கம் செய்யும்போதும் கேட்டேன். அந்தக் கேள்வி பிழையானது. அந்தப் பிழைக்கு நானே பொறுப்பு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ரீச்சரைப் பற்றி எங்கள் பத்திரிகையில் எழுதினேன். நாற்பது பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கிய ஆசிரியை என்று தலைப்பிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, பிழையா எழுதிப்போட்டீர். நான் பழக்கேல்லை. வீட்டில தாய் தேப்பன் பழக்கினவை. திருத்தம் போடும்."

தன்னடக்கம் என்று நினைத்து விட்டுவிட்டேன். விசாரித்தேனா? இல்லை. ஓராண்டு கழித்து வேறொரு செய்திக்காகக் கரைக்குப் போனபோதுதான் உண்மை தெரிந்தது.

கடற்தொழிலாளி றஜித் இங்கே முன்வரிசையில் இருக்கிறார். இதைச் சொல்ல அனுமதியும் தந்தார். இடப்பெயர்வில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றவர் அவர். பெற்றோர் பிள்ளைகளோடு பார்ப்பதற்கென்று படப் புத்தகப் பைகளை வீடு வீடாகக் கொடுக்கச் சனிக்கிழமைகளில் ரீச்சரின் சைக்கிள் வந்தால், பின்பக்கத்தால் கடலுக்குப் போய்விடுவார். ஒருநாள் ரீச்சரிடம் பிடிபட்டார். தனக்கு வாசிக்கத் தெரியாது, மகளுக்கு முன்னால் வெட்கமாக இருக்கிறது என்றார்.

"உம்மை ஆர் வாசிக்கச் சொன்னது? படத்தைப் பாத்துப் பிள்ளையோட கதையும். மீன்வாடியில நீர் கதைக்கிறது றோட்டு வரைக்கும் கேக்குதே."

கதைத்தார். புத்தகத்துச் சுறாவுக்குச் செட்டையைப் பிழையாகக் கீறியிருக்கிறார்கள் என்று, நான்கு வயது யதுசாவோடு அரை மணி நேரம் கதைத்தார். படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டாள். இருவரும் விரல் வைத்து எழுத்துக் கூட்டத் தொடங்கினார்கள். தெரியாத எழுத்தைக் குசினியில் நின்ற தாயிடம் கேட்டார்கள்.

நான் போன மாலை, யதுசா தகப்பனின் படகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதில் மகளின் பெயரை அவரே தீந்தையால் எழுதியிருந்தார், 'யதுச' என்று.

"அப்பா, என்ர பேருக்கு அரவு போடேல்லை."

வாடியே சிரித்தது. "படகையும் முன்பள்ளியில சேர்த்து விடடா" என்றார் ஒருவர். றஜித் தீந்தை வாளியை எடுத்து வந்தார். அவள் இடத்தைக் காட்டினாள், அவர் அரவைக் கீறினார்; 'யதுச' 'யதுசா' ஆனது.

அப்போது ரீச்சர் அங்கே இருந்தாரா? இல்லை. அடுத்த ஊரில் வேறொரு வாசலில் நின்றார். அப்படியானால் யார் பழக்கியது?

திருத்தம் போடுகிறேன் என்று அவரிடம் போய்ச் சொன்னேன். போடவில்லை. காணும்போதெல்லாம் "எங்க என்ர திருத்தம்?" என்று கேட்பார்.

ரீச்சர்தான் பழக்கினார் என்றால், செவ்வாய்க்கிழமையோடு எல்லாம் முடிந்திருக்கும். முடியவில்லை! பத்தொன்பது புத்தகப் பைகள் இன்றும் உங்கள் வீடுகளில் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை அவற்றை வீடு மாற்றிக் கொடுக்க றஜித் மோட்டார் சைக்கிளில் வருவார். பின்னால் நான் இருப்பேன். பின்பக்கத்தால் போகிறவர்களை எங்கே பிடிக்கலாம் என்று அவருக்குத் தெரியும்.

நாளைய பத்திரிகையில் வருவதை இங்கே வாசிக்கிறேன்.

திருத்தம்: கரையோரத்துப் பிள்ளைகளுக்கு வாசிக்கப் பழக்கியவர் திருமதி அற்புதம் கிறகோரி என எழுதியிருந்தோம். பழக்கியவர்கள் அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார். அது அவர்களால் முடியும் என்று வாசல் வாசலாகப் போய்ச் சொன்னவரே திருமதி அற்புதம் கிறகோரி. தவறுக்கு வருந்துகிறோம்.