ஒக்குமுராவின் உளிப்பெட்டி

—கைய எடு, குகா. அந்தப் பெட்டிய தொடாத.

—தொடலக்கா. மூடி சரியா உக்காருதான்னு பாத்தேன்.

—நல்லாவே உக்காருது. நான்தானே செஞ்சேன். கிள்ளான்லேருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் இந்த ஜாம்ல வந்தது என் மூடியப் பாக்கவா?

—பெர்னிஸ் அக்கா, சொல்றத முழுசா கேளுங்க. அப்புறம் திட்டுங்க.

—முழுசாத்தான் கேட்டேன். நீ எனக்கு வித்த ஜப்பான் உளி, ரம்பம், இழைப்புளி எல்லாத்தையும் நான் திருப்பிக் குடுக்கணும். அதானே?

—அதேதான். காசு முழுக்கத் தந்துடறேன். மேல வேணும்னாலும்...

—காசப் பத்திப் பேசாத. எனக்குக் கெட்ட கோவம் வரும்.

—ஏற்கெனவே வந்துருச்சே லா.

—வராம? பழைய சாமான் விக்கற உன் பண்டல் கடையில ரைஸ் குக்கருக்கும் ஒடஞ்ச கித்தாருக்கும் நடுவுல, ஒரு பக்கெட்டுல கெடந்துச்சு இதெல்லாம். எது உளி, எது ஆணின்னே தெரியாத அளவுக்கு துரு. நீ என்ன சொன்ன அன்னிக்கி? இரும்புக்கடைக்குப் போடறதுக்கு வச்சிருக்கேன், வேணும்னா பொறுக்கிக்குங்கன்ன.

—சொன்னேன். இல்லன்னு சொல்லல. எனக்கு என்னக்கா தெரியும்? ஜப்பான்லேருந்து கன்டெய்னர் வரும். கொட்டுவோம், பிரிப்போம். தட்டு ஒரு பக்கம், பொம்மை ஒரு பக்கம், மீன் தூண்டில் ஒரு பக்கம். துருப்பிடிச்சதெல்லாம் பக்கெட்டு.

—இப்ப மட்டும் எப்படி அது பொக்கிஷம் ஆயிருச்சு? யாரு கேக்கறா?

—ஒசாகாவுல எனக்கு சாமான் அனுப்பற ஏஜெண்ட். அவன்கிட்ட அந்த வீட்டுக்காரங்க கேக்கறாங்க. வீடு காலி பண்ற ஆளுங்க, பெரிய வீட்டோட சேத்து பின்னால இருந்த கொட்டாயையும் தொறந்து வாரிட்டாங்களாம். கொட்டாயத் தொடவே கூடாதாம். இப்ப அங்க ஒரே சண்டை.

—ஜப்பான்ல சண்டை நடந்தா நடக்கட்டும். அது பிரிக்ஃபீல்ட்ஸ்ல என் போர்ட்டிகோவுல இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?

—அது...

—என்ன அது?

—வீடியோக்கா.

—எந்த வீடியோ?

—நீங்க உளி தீட்டுனப்ப நான் எடுத்தேன்ல. கடை பேஜ்ல போட்டேன்.

—மாதாவே! போடாதன்னு சொன்னேனா இல்லையா?

—சொன்னீங்க. விளம்பரத்துக்கு ஆகுமேன்னு சும்மா போட்டேன். நெஜமா, இவ்ளோ ஓடும்னு நெனைக்கல. எங்கம்மா சமைக்கற வீடியோவ நாப்பது பேரு கூட பாக்க மாட்டாங்க. இத ஜப்பான்காரனெல்லாம் பாத்துட்டான். பிடியில சூடு போட்டு பேரு இருக்கு பாருங்க, அதப் படிச்சுட்டாங்க. ஒக்குமுரா.

—எனக்கே சொல்லித் தரியா அந்தப் பேர? மொத நாளே ஃபோன்ல காட்டிப் படிச்சுட்டேன். தினமும் அந்த ரெண்டு ஜப்பான் எழுத்து மேலதான் என் விரல் படுது.

—கோவப்படாம கேளுங்க. ஏஜெண்ட் கண்டிப்பா சொல்லிட்டான். பெட்டி வரலன்னா எனக்கு இனி கன்டெய்னர் கெடையாது. அவன் பேரு கெட்டுப் போச்சாம். அக்கா, அந்தக் கன்டெய்னர்தான் என் கடை. அது இல்லன்னா நான் ஷட்டர இழுத்துட்டு லோரி ஓட்டப் போகணும்.

—உன் கடை போயிரும். சரி. என் பொழப்பு? ஷா ஆலம்ல ஃபேக்டரிய மூடி எங்கள வீட்டுக்கு அனுப்பினப்ப, இந்த வயசுக்கு மேல யாரு வேலை குடுப்பான்னு நான் அழுதது என் பையன் ரோனிக்குத் தெரியும். உனக்குத் தெரியாது. இப்பத்தான் பங்சார்ல ஒரு சாப்பாட்டுக் கடைக்காரன் என்ன நம்பி ஆர்டர் குடுத்திருக்கான். ஆணி இல்லாத நீள மேசை. மொத ஆர்டர். பாதி செஞ்சு நிக்குது, பாரு, உனக்குப் பின்னாலதான். இத எதால முடிப்பேன்? பல்லாலயா?

—வேற செட் தரேன்க்கா. அடுத்த கன்டெய்னர்ல ஜப்பான் உளி கண்டிப்பா வரும். புதுசு மாதிரி இருக்கறதா பாத்து...

—அடுத்த கன்டெய்னரா? இப்பத்தான் கன்டெய்னரே வராதுன்ன.

—நீங்க பெட்டிய குடுத்தா வரும்.

—என்ன கதை இது, குகா!

—அக்கா, உளின்னா உளிதானே? எல்லாமே வெட்டும்.

—இங்க வா. இந்தச் சுத்தியலப் பிடி. மொதல்ல வலது கையில பிடி, அப்புறம் இடது கையில.

—பிடிச்சேன். இடது கையில... ஓ. கட்டைவிரல் தானா ஒரு பள்ளத்துல போய் ஒக்காருது.

—அது தேஞ்ச பள்ளம். முப்பது வருஷமோ நாப்பது வருஷமோ, அந்த மனுஷன் தன் கட்டைவிரலால தேச்ச பள்ளம். ஒக்குமுரா இடது கைக்காரரு. நானும் இடது கைக்காரி. புரியுதா?

—நீங்க வலது கையிலதானே எழுதுவீங்க?

—எழுதுவேன். சின்ன வயசுல அடிச்சு மாத்தி வுட்டாங்க. ஃபேக்டரில ஸ்க்ரூ டிரைவர் தொங்கறது வலது பக்கம், பட்டன் வலது பக்கம், கத்திரிக்கோலும் வலது கைக்கு. இருபத்தி ஆறு வருஷம் வலது கைக்காரி மாதிரி நடிச்சேன். இந்த இழைப்புளிய மொத தடவ இழுத்தப்பதான் என் கை எனக்குத் திரும்பி வந்துச்சு. நம்ம ஊரு இழைப்புளிய தள்ளணும். இத நம்ம பக்கமா இழுக்கணும். இழுத்தா மரம் டிஷ்யூ பேப்பர் மாதிரி சுருண்டு வருது. நான் அப்படியே ஒக்காந்து அழுதேன், தெரியுமா? ரோனி பயந்துட்டான், விரல வெட்டிக்கிட்டேன்னு.

—அக்கா, நெஜமா எனக்கு இதெல்லாம் தெரியாது.

—தெரியாதுதான். ஒவ்வொரு உளியா வினிகர்ல ஊற வச்சு துருவ எடுத்தேன். தண்ணிக் கல்லுல வச்சு, பின்பக்கம் மொகம் தெரியற வரைக்கும் தேச்சேன். தோள்பட்டை கழண்டு போச்சு. பிடியில இருக்கற பூண் எல்லாம் லொடலொடன்னு ஆடுச்சு, ஒண்ணொண்ணா தட்டி இறுக்குனேன். அந்த வீட்டுல ஒருத்தன் இத ஒரு நாள் எண்ணெய் போட்டுத் தொடச்சிருந்தா இந்தப் பாடு இருக்குமா?

—யாரச் சொல்றீங்க?

—வேற யாரு? மகன். இப்ப கேக்கறானே, அவன். அப்பா சாகற வரைக்கும் அந்தக் கொட்டாய எட்டிப் பாத்திருக்க மாட்டான். செத்ததும் வீட்ட காலி பண்ணிட்டான். இப்ப வீடியோவுல பளபளன்னு பாத்ததும் அப்பா ஞாபகம் வந்துருச்சு. ஏலத்துல விடறதுக்கோ, கண்ணாடிப் பெட்டியில வச்சு வர்றவங்களுக்கு காட்டறதுக்கோ கேக்கறான்.

—மகன்தானா?

—மெசேஜ்ல யாருன்னு போட்டிருக்கு?

—இருங்க... ஒக்குமுரா சான் கேக்கறாருன்னு போட்டிருக்கு. சான்னா மரியாதைக்கு.

—அதான் மகன். அப்பா பேருதானே மகனுக்கும்.

—ஆமா, அப்படித்தான் இருக்கும். ஏஜெண்ட் எப்பவும் சொல்லுவான், வர்ற சாமானெல்லாம் பெரும்பாலும் செத்தவங்க வீட்டுதுதான்னு.

—நீதான் எனக்குச் சொன்ன. அதக் கேட்டுட்டு, நவம்பர்ல ஆன்மாக்கள் திருநாளுக்குக் கோயிலுக்குப் போனப்ப, எங்க அப்பா பேரோட அவரு பேரையும் பூசைக்கு எழுதிக் குடுத்தேன். ஃபாதர் படிக்கறதுக்குத் திணறிட்டாரு. யாரும்மா இது, ஃபிலிப்பீன்ஸ் ஆளான்னு கேட்டாரு.

—அக்கா... என் காடி ரோட்டோரம் நிக்குது. சம்மன் போட்டுருவான். ஏதாச்சும் ஒரு முடிவு சொல்லுங்க.

—முடிவா? உன் ஏஜெண்ட்டுக்கு ஒரு கேள்வி எழுது. இவ்வளவு ஆசை இருக்கறவங்க ஏன் துருப்பிடிக்க வுட்டீங்கன்னு கேளு.

—அப்படியெல்லாம் கேட்டா மரியாதையா இருக்காது. ஜப்பான்காரங்க வேற.

—எழுதுறியா, இல்ல ஃபோன என்கிட்ட தரியா?

—எழுதறேன், எழுதறேன். சாமான் வச்சிருக்கற அக்கா... கேக்கறாங்க... எப்படி துருப்பிடிச்சதுன்னு... வருத்தப்பட்டு கேக்கறாங்க.

—வருத்தம் இல்ல. கோவம்.

—வருத்தம்னு போட்டுட்டேன். அனுப்பிட்டேன்.

—கடங்காரா.

—அக்கா, நான் எல்லார்கிட்டயும் திட்டு வாங்கறேன். ஏஜெண்ட் திட்டறான். தப்பு பண்ணினது யாரோ கொட்டாய தொறந்தவன். அம்மா வேற, யாரோட பொருளையோ வித்துட்டியேடா, குடும்பத்துக்கு ஆகாதுன்னு காலையிலேருந்து பாடறாங்க. இப்ப நீங்க. நான் என்ன திருடியா வித்தேன்?

—திருடலடா. யாரு சொன்னா? தண்ணி குடிக்கிறியா?

—வேணாம்.

—நீ பசியாறலன்னு மூஞ்சியே சொல்லுது.

—ராத்திரி தூங்கல. வீட்டுக்காரி மலர்கிட்ட இன்னும் சொல்லல. கடை போயிரும்னு எப்படிச் சொல்றது? அவ இப்ப ஏழாம் மாசம்.

—இத மொதல்லயே சொல்ல மாட்டியா?

—சொன்னா அழுது வாங்கிட்டுப் போனான்னு ஆயிரும். அது வேணாம்னுதான்.

—இரு. யோசிக்க வுடு.

—சரி.

—எடுத்துக்க.

—என்னது?

—பெட்டிய எடுத்துக்கன்னேன். உனக்காகத்தான் தரேன், அந்த மகனுக்காக இல்ல. பங்சார்காரன்கிட்ட தள்ளிப் போடச் சொல்லி பேசிப் பாக்கறேன். ஒத்துக்கலன்னா போகுது. மறுபடியும் வலது கையால கத்துக்கறேன், வேற என்ன பண்றது? எனக்கு வாய்ச்சது அவ்வளவுதான்.

—அக்கா, நெஜமாவா?

—நெஜமாத்தான். மறுபடி கேக்காத, மனசு மாறிரும். இரு, இந்தத் துணிய உளிங்களுக்கு நடுவுல வை. ஒண்ணோட ஒண்ணு ஒரசக் கூடாது. எண்ணெய் போட்டிருக்கேன். கப்பல்ல உப்புக் காத்து அடிக்கும். ரம்பத்துப் பல்ல கையால தொடாத, கிழிச்சிரும்.

—ரொம்ப தேங்க்ஸ்க்கா. என் உசுர காப்பாத்திட்டீங்க.

—ஒண்ணு மட்டும் தர மாட்டேன்.

—என்னக்கா, மறுபடியும்...

—இந்தச் சின்னக் கத்தி. மரத்துல கோடு கிழிக்கறதுக்கு. பாரு, ஒரு பக்கம்தான் சாய்வா தீட்டியிருக்கு. வலது கைக்காரனுக்கு அந்தப் பக்கம் சாய்வா இருக்கும், இது அப்படியே எதிர்ப்பக்கம். இடது கைக்காரங்களுக்குன்னே கொல்லன்கிட்ட சொல்லி அடிச்சது. கடையில கேட்டா கெடைக்காது. மகனுக்கு இது எதுக்கு? அவனால ஒரு கோடு கிழிக்க முடியாது. நான் வச்சுக்கறேன். செத்தவரு கோவிச்சுக்க மாட்டாரு.

—அவங்க எண்ணிப் பாப்பாங்களே.

—தொலஞ்சு போச்சுன்னு சொல்லு. பக்கெட்டுலயே இல்லன்னு சொல்லு. ஒரு பொய் எனக்காகச் சொல்ல மாட்டியா?

—சொல்றேன்க்கா. இவ்வளவு செஞ்சீங்க, இதுகூட சொல்ல மாட்டேனா? நீங்களே வச்சுக்குங்க.

—உன் ஃபோன் கத்துது பாரு.

—ஏஜெண்ட்தான். பதில் போட்டுட்டான்.

—மகன் என்ன சாக்கு சொல்றான்? படி.

—இருங்க, தமிழுக்கு மாத்தறேன்... துருவுக்கு மன்னிப்பு கேக்கறாங்க. அதான் சொன்னேன்ல, மரியாதையான ஆளுங்க. மூணு வருஷமா கொட்டாய் பூட்டிக் கெடந்துச்சாம். தல சுத்தி விழுந்து, ஆஸ்பத்திரி, அப்புறம் நடக்கப் பழக்கற ஒரு இல்லம்...

—பாவம் மனுஷன். கடைசி காலத்துல கஷ்டப்பட்டிருக்காரு. அங்கதான் செத்தாரா?

—அது போடல. இன்னும் இருக்கு, நீளமா எழுதியிருக்காங்க. மகன் வெளியூர்ல இருக்கானாம். அப்பா இனிமே திரும்பி வர மாட்டாருன்னு நெனச்சு வீட்ட காலி பண்ணச் சொல்லிட்டானாம். அவன திட்டாதீங்கன்னு போட்டிருக்கு.

—அவனே அவனத் திட்டாதீங்கன்னு எழுதறானா? சரியாப் படிடா.

—சரியாத்தான்க்கா படிக்கறேன். போன மாசம் கொட்டாயத் தொறந்து... அக்கா.

—என்ன?

—இது மகன் எழுதல.

—பின்ன?

—ஒக்குமுராவே எழுதறாரு. போன மாசம் வீட்டுக்கு வந்துட்டாராம். கொட்டாயத் தொறந்து, வெறுஞ்செவுத்தப் பாத்துட்டு அங்கயே ஒக்காந்துட்டாராம்.

—உசுரோட இருக்காரா?

—இருக்காருக்கா. எண்பத்தி ஒரு வயசு. தனக்கு ஒக்கார ஒரு ஸ்டூல் செய்யணுமாம், நின்னு வேலை செய்ய முடியாதாம். அதுக்குத்தான் கேக்கறாரு.

—பெட்டிய மூடாத, குகா. இந்தக் கத்திய மேலயே வை, தொறந்ததும் அவரு கண்ணுல படட்டும்.