ஆவன செய்யக் கேட்டுக்கொள்ளப்பட்டது

மேயர் நவ்ரீன் அவர்களே, மாமன்ற உறுப்பினர்களே, இந்தப் பங்கு மண்டபத்தை நமக்காகத் திறந்துவிட்ட அருட்தந்தை சாவியோ அவர்களே, அம்மாவின் படத்தருகே அமர்ந்திருக்கும் மகள் சாராவே, ராயபுரத்திலிருந்தும் காலடிப்பேட்டையிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் வேலையை விட்டு வந்திருக்கும் பெருமக்களே! வணக்கம்.

நான் சங்கமித்ரா. வடகரை மாநகராட்சியின் மாமன்றச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவள். வயது எழுபத்தைந்து. எனக்கு முன் பேசியவர்கள், மறைந்த முன்னாள் மேயர் சிலுவையம்மாள் அவர்களைத் தாய் என்றார்கள், தியாகி என்றார்கள், விளக்கு என்றார்கள். அவர் விளக்கு அல்லர்! விளக்குக் கம்பம் நடாத ஒப்பந்தக்காரரை மன்ற வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்டவர். அந்த வேறுபாட்டை இந்த மண்டபமாவது நினைவில் வைத்திருக்கட்டும்.

மீன் ஏலக்கூடத்திலிருந்து மன்றத்துக்கு வந்தவர் அவர். பள்ளி நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நின்ற காலத்தில், நடுச்சாலையில் நாற்காலி போட்டு அமர்ந்தார். "யம்மா, துறைமுகத்துல டைம் போய்டும், நவுரும்மா" என்று ஓட்டுநர் கெஞ்சினார். "ஸ்கூல்ல பெல் அடிக்கட்டும் நைனா. அதுங்காட்டியும் டீ சாப்டுறியா?" என்றார் மேயர். மறுவாரமே பள்ளி நேரத்தில் லாரிகளுக்குத் தடை வந்தது. அந்தத் தடை இன்றும் உயிரோடு இருக்கிறதா என்பதை மேயர் நவ்ரீன் நாளைக் காலை எட்டரை மணிக்கு நேரில் சென்று பார்க்கலாம்.

இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. அறியாத ஒன்றைச் சொல்லவே நான் வந்தேன்.

சிலுவையம்மாள் அவர்கள் மன்றத்தில் தம் தெருவின் பேச்சில்தான் பேசுவார். கூட்டக் குறிப்பு எழுதுவது என் பணி. நானோ தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவள். அவர் பேச்சை அப்படியே எழுதக் கை கூசியது. திருத்தினேன். 'கலீஜா கீது' என்பார். 'தூய்மைக் குறைவு காணப்படுகிறது' என்று எழுதுவேன். 'பேஜாரு பண்றான்' என்பார். 'போதிய ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதுவேன். ஐந்தாண்டுகள் இதைச் செய்தேன். பெருமையோடு செய்தேன்.

மன்றத்தில் யார் எவ்வளவு உரக்கப் பேசினாலும், பொறியாளரின் மேசைக்குப் போவது கூட்டக் குறிப்பின் நகல்தான். நகலில் இல்லாதது நடக்காது. இதை என்னைவிட நன்கறிந்தவர் யார்?

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலக் கூட்டத்தில் மேயர் எழுந்து சொன்னது என் சுருக்கெழுத்து ஏட்டில் இருக்கிறது. படிக்கிறேன். "உப்பளத் தெருவுல தண்ணி பைப்பும் சாக்கடை பைப்பும் ஒட்டிக்கினு ஓடுது. ரெண்டும் ஒடஞ்சி கீது. நானே மோந்து பாத்தேன், நாறுது. இன்னைக்கே பைப்ப மூடு. லாரில தண்ணி வுடு. கொய்ந்தைங்க குட்ச்சி செத்துதுன்னா யாருய்யா பதில் சொல்றது?"

நான் எழுதியது இது: 'உப்பளத் தெருக் குடிநீரின் தரம் குறித்து மேயர் கவலை தெரிவித்தார். ஆவன செய்யக் கேட்டுக்கொள்ளப்பட்டது.'

எவ்வளவு அழகான தமிழ்! எவ்வளவு பயனற்ற தமிழ்! இன்றைக்கே என்ற சொல் எங்கே? மூடு என்ற சொல் எங்கே? லாரி எங்கே? குழந்தைகள் எங்கே?

பொறியாளர் ஆவன செய்தார். அதாவது, கோப்பில் வைத்தார். இடையில் மேயர் கேட்டபோது 'நடவடிக்கையில் இருக்கிறது' என்றார்கள். பன்னிரண்டாம் நாள் அத்தெருவில் முப்பத்தொரு பேரை வாந்திபேதியோடு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டு குழந்தைகள் வீடு திரும்பவில்லை.

விசாரணை வந்தது. மேயர் குழாயை மூடச் சொன்னாரா என்று குறிப்பேட்டைப் புரட்டினார்கள். கவலை தெரிவித்திருந்தார். அவ்வளவுதான். கீழே மேயரின் கையெழுத்தும் இருந்ததால், வேறு சொல் எதுவும் எடுபடவில்லை. அலட்சியம் என்று அறிக்கை எழுதினார்கள். அடுத்த தேர்தலில் அவரை வேட்பாளராக நிறுத்த ஆளில்லை. உப்பளத் தெருவுக்குத் துக்கம் கேட்கச் சென்றவரின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார்கள்.

"இக்குறிப்பு முழுமையானதா?" என்று விசாரணை அதிகாரி என்னைக் கேட்டார். இந்த ஏடு அப்போது என் கைப்பையில் இருந்தது. "முழுமையானது" என்றேன். யாருக்கும் அஞ்சி அல்ல. என் குறிப்பில் பிழை என்று அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பெயரை இழக்க மனம் வரவில்லை. இத்தனை அற்பமான காரணத்துக்காக ஒருவர் இன்னொருவரின் வாழ்வை அழிக்க முடியுமா? முடியும்! உங்கள் முன் நிற்கிறேன்.

சென்ற மாதம் மருத்துவமனையில் அவரிடம் இதைச் சொன்னேன்.

"தெரியும்மே. படிச்சிப் பாத்துதான் கையெய்த்து போட்டேன்" என்றார்.

"பிறகு ஏன் திருத்தச் சொல்லவில்லை?"

"உன் எய்த்துல என்னப் பாத்தா எனுக்கே மரியாதியா இருந்துச்சி. மீன்காரி பேசுன மாதிரியே இல்ல. அந்த ஆச தான்." தொடர்ந்து சொன்னார்: "ஆனா அந்தக் கொய்ந்தைங்களப் பெத்தவங்க, நான் சும்மா குந்திகினு இருந்தேன்னு நென்ச்சிகினு கீறாங்க. நான் கத்துனேன்னு சொல்லிடு. அத்த மட்டும் சொல்லிடு."

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாளை மாமன்றத்தில் இரங்கல் தீர்மானம். நல்ல தமிழ் எனக்குத்தான் வரும் என்று, எழுதித் தரும் பொறுப்பை மேயர் நவ்ரீன் என்னிடம் ஒப்படைத்தார். இதோ, எழுதி வந்திருக்கிறேன். ஈடுசெய்ய இயலாத இழப்பு என்ற தொடர் இதில் இல்லை. அன்று அவர் சொன்ன சொற்கள் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கின்றன. கீழே, பழைய குறிப்பு பொய்யானது, அப்பொய் என்னுடையது என்று என் கையொப்பம் இருக்கிறது. மேயர் அவர்களே, உங்கள் அலுவலர்கள் இதைத் திருத்த வருவார்கள். விடாதீர்கள். இனி அந்த மன்றத்தில் எவர் எந்தப் பேச்சில் பேசினாலும், பேசியது பேசியபடியே எழுதப்படட்டும். அவர் பணியைத் தொடர்வது என்றால் அங்கிருந்து தொடங்குங்கள்.

நகலை உப்பளத் தெருவுக்கு நானே கொண்டு செல்வேன். கதவைச் சாத்தினால் வாசலில் நின்று படிப்பேன். என் குரலுக்குப் பழக்கமில்லாத அந்தப் பேச்சில், உரக்கப் படிப்பேன்.

மேயர் சிலுவையம்மாள் கவலை தெரிவிக்கவில்லை. கத்தினார். பதிவு செய்துகொள்ளுங்கள்.