வண்டியை விட்டு இறங்காதது குறித்து

பெயர்: அடையாள அட்டையில் உள்ளபடி. அழைக்கும் பெயர்: வண்டி டீச்சர். வயது: நாற்பத்தேழு. தொழில்: ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்கான பயிற்றுநர், பத்தொன்பது வருடமாக. முகவரி: தண்ணீர்த் தொட்டித் தெரு, படிக்கட்டு வெளிப்பக்கம் உள்ள வீடு, மாடிப் பகுதி.

நான் மேற்படி முகவரியில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. நானாகவே இன்று காலை பத்தரை மணிக்கு காவல் நிலையத்துக்கு வந்தேன். இம்மாதம் ஆறாம் தேதி இதே மேசையில் உட்கார்ந்து வீல் அலைன்மென்ட் கடைக்காரர் ஒருவர் மீது நான் புகார் எழுதிக் கொடுத்தேன். அதில் எதையும் பொய் என்று தெரிந்து எழுதவில்லை. ஆனால் நடந்ததில் பாதியை எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தப் புகாரை வைத்து ஏழாம் தேதி அவருடைய கடை சீல் வைக்கப்பட்டு, இன்றோடு பத்து நாளாகப் பூட்டிக் கிடக்கிறது. விட்டுப்போன பாதியைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் பயிற்சிப் பள்ளி என் அக்கா கணவருடையது. அவரை அத்தான் என்று அழைப்பேன். பள்ளியில் உள்ள மூன்று வண்டிகளில் வெள்ளை நிறச் சிறிய கார் என் பொறுப்பு. கற்றுக்கொள்பவர் வலப்பக்கம் ஸ்டியரிங் முன்னால் உட்காருவார். நான் இடப்பக்கம் உட்காருவேன். என் காலடியிலும் ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் உண்டு. இதைப் பதிவு செய்யும் தலைமைக் காவலர் அம்மாவும் அதே வண்டியில்தான் என்னிடம் கற்றுக்கொண்டார், ரிவர்ஸ் மட்டும் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. இந்த வரி வழக்குக்குத் தேவையில்லை என்று அவர் சொல்கிறார். நான் எழுதத்தான் வேண்டும் என்று சொன்னதால் எழுதப்பட்டது.

ஏழு மாதத்துக்கு முன்பு வண்டியைக் கழுவும்போது முன்பக்க இடது டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்து மொட்டையாக இருப்பதைப் பார்த்தேன். வெளி ஓரம் கடையில் வாங்கியபோது இருந்தது போலவே இருந்தது. அத்தானிடம் சொன்னேன். அவர் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வா என்றார். அதன் பிறகு நான் பெட்ரோல் பங்கை ஒட்டியுள்ள டயர் கடைக்கு வண்டியை எடுத்துச் சென்றேன். அங்கே என்னைக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, இருபது நிமிடத்தில் எல்லா எண்ணும் பச்சையாக அச்சான ஒரு தாளைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது தாளில் இருந்தது வேறு வண்டியின் பதிவு எண். திரும்பப் போய்க் கேட்டதற்கு, "எல்லா வண்டிக்கும் ஒரே அளவுதாங்க" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைச் சுக்கு நூறாகக் கிழித்து அவர்கள் மேசையிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

இதைக் கேட்ட அத்தான், "கடைக்காரன் கையில வண்டிய விட்டுட்டு நீ எதுக்கு தண்ணி குடிக்கப் போன? இனிமே எந்தக் கடைக்குப் போனாலும் வண்டிய விட்டு இறங்காத" என்றார். சூடு கண்ட பூனை நான். அவர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு நம்பகமான கடை எது என்று நான் விசாரிக்காத ஆள் இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுபவர், தபால் வேன் ஓட்டுபவர், எதிர்வீட்டு மருந்து விற்பனைப் பிரதிநிதி ஆகிய மூவரும் ஒரே கடையைச் சொன்னார்கள். மரக்கடைக்கு அடுத்துள்ள அந்தக் கடையின் உரிமையாளரை எல்லோரும் மில்லிமீட்டர் என்று அழைக்கிறார்கள். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வண்டியை வெளியே விடமாட்டார் என்று தபால் வேன்காரர் சொன்னார். "வாய்ல இருந்து வார்த்தையும் மில்லிமீட்டர் கணக்குலதான் வரும்" என்றும் சொன்னார்.

நான் அங்கே சென்றபோது மில்லிமீட்டர் இயந்திரத்தின் பக்கம் போகாமல் முதலில் டயர் அருகே குந்தி உட்கார்ந்தார். என் உள்ளங்கையை டயர் மேல் வைத்து உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தேய்த்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் வழுக்கியது, மறுபக்கம் ரம்பம் போலப் பிடித்தது. சக்கரம் நேராக உருளாமல் இழுபட்டுக்கொண்டே போயிருக்கிறது என்றார். அதன் பிறகு வண்டியை மேடையில் ஏற்றி அளவு பார்த்து, திருத்தி, அச்சான தாளை நம்பர் பிளேட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் பிறகு சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நானும் வருவேன் என்று சொல்லி என் வழக்கமான இடப்பக்க இருக்கையில் ஏறிக்கொண்டேன். அவர் வேகமாக ஓட்டி, மெதுவாக ஓட்டி, நான்கைந்து முறை பிரேக் அடித்துப் பார்த்தார். வண்டி கோடு கிழித்தது போல நேராகச் சென்றது. தாளின் அடியில் 'சாலையில் ஓட்டிப் பார்க்கப்பட்டது, நேராகச் செல்கிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். முன்பக்கம் இரண்டு புது டயர் போட்டுக்கொண்டேன்.

இரண்டரை மாதத்தில் புது டயரின் உள் ஓரமும் தேயத் தொடங்கியது. நான் மில்லிமீட்டரிடம் திரும்பப் போய், வாடிக்கையாளர்கள் நாலு பேர் முன்னால் அவரைக் கேட்கக்கூடாத கேள்வியெல்லாம் கேட்டேன். பதிலுக்கு அவர் குரல் உயர்த்தவில்லை. மறுபடி மேடையில் ஏற்றினார். அளவு மாறாமல் அப்படியே இருந்தது. மறுபடி ஓட்டிப் பார்த்தோம். நேராகவே சென்றது. அவர் ஓரமாக வண்டியை நிறுத்தினார். அதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சு பின்வருமாறு. இதைத்தான் நான் புகாரில் எழுதவில்லை.

"அம்மா, எனக்கு ஒண்ணு பிடிபடல. நீங்க இறங்கிக்கங்க, நான் மட்டும் தனியா ஒரு தடவ ஓட்டிப் பாக்கறேன்."

"எதுக்கு தனியா? நான் இருந்தா என்ன?"

"அப்போ வண்டிய ஒரு நாள் விட்டுட்டுப் போங்க. சக்கரத்தப் பிடிச்சிருக்கற ஆர்ம்ல ரப்பர் புஷ் இருக்கு, அதக் கழட்டிப் பாக்கணும்."

"கழட்டிட்டு பழசு ஒண்ண மாட்டி விடறதுக்கா? இந்த வேலையெல்லாம் என்கிட்ட வேண்டாம்."

அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிக் கடைக்கு நடந்தே போனார். நான் பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வண்டியை ஓட்டி வந்தேன்.

இம்மாதம் நான்காம் தேதி காலை ஏழு மணிக்குத் தையல்கார அம்மாவுக்குக் கடைசி வகுப்பு. அவர் என் வயதுக்காரர், தைத்த துணிகளைத் தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கற்றுக்கொள்ள வந்தவர், நல்ல கை. எங்கள் பள்ளியில் கடைசி வகுப்பு அன்று பயிற்றுநர் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். தேர்வு அதிகாரி பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படிக் கற்பவருக்குப் பழக வேண்டும் என்பதற்காக இந்த வழக்கம். நானும் கையைக் கட்டிக்கொண்டேன். நூலகத்துக்கு முன் உள்ள வளைவில் ஒரு நாய் குறுக்கே வந்தது. தையல்கார அம்மா நான் சொல்லிக்கொடுத்தபடியே சரியாக பிரேக் அடித்தார். வண்டி விருட்டென்று இடப்பக்கம் இழுத்து, நடைபாதை மேல் ஏறி, நூலகச் சுவரில் மோதி நின்றது. நான் என் காலடியில் உள்ள பிரேக்கை அழுத்தியும் பலனில்லை. தையல்கார அம்மாவுக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. நாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை.

தையல்கார அம்மா ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பிவிட்டார் என்று அன்றே பேச்சு கிளம்பியது. அவர் திருப்பவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன். அப்படியானால் பழி யார் மேல் என்ற கேள்வி வந்தது. கையெழுத்திட்ட தாள் என் பையில் இருந்தது. 'நேராகச் செல்கிறது' என்று பொய்யாக எழுதிக் கொடுத்தார் என்று மில்லிமீட்டர் மேல் புகார் கொடுத்தேன். என் மாணவியைக் காப்பாற்றக் கொடுத்தேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். என்னையும் காப்பாற்றிக்கொள்ளத்தான் கொடுத்தேன். பிறகு வாகன ஆய்வாளர் வண்டியைச் சோதித்து, இடது ஆர்மில் உள்ள ரப்பர் புஷ் நைந்துபோயிருப்பதாக எழுதினார். நிற்கும்போது அளவு சரியாகக் காட்டும், பிரேக் அடித்தால் மட்டும் சக்கரம் பின்னுக்கு நகர்ந்து வண்டியை இழுக்கும் என்று அதில் உள்ளது.

கடைக்கு சீல் வைத்தபோது நான் எதிரே மரக்கடை வாசலில் நின்றிருந்தேன். மேடையில் தூக்கி வைத்திருந்த ஒருவருடைய வண்டியைக் கீழே இறக்கிவிட்டு வருகிறேன், பத்து நிமிடம் கொடுங்கள் என்று மட்டும் மில்லிமீட்டர் கேட்டார். என்னைப் பார்த்தார். அந்த வண்டியை இறக்க உள்ளே போனார்.

நேற்று முன்தினம் மாலை தையல்கார அம்மாவை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். மாவுக்கட்டு போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சொன்னது: "இத்தன நாள் எத்தன பிரேக் அடிச்சேன் டீச்சர், ஒரு தடவகூட இழுக்கல. நீங்க கையக் கட்டிக்கிட்ட அன்னிக்குத்தான் இழுத்துச்சு."

எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. அதன் பிறகு என் கணவர் என்னை எங்கள் சொந்த வண்டியில் வீட்டுக்கு அழைத்து வந்தார். வழியில் சிக்னலில் பிரேக் அடித்தார். நான் குனிந்து பார்த்தேன். என் வலது கை ஆள்காட்டி விரல் ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைக் கொக்கி போலப் பிடித்து என் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அப்படி இழுத்தால் வண்டி வலப்பக்கம் திரும்பும். நான் இழுப்பது எனக்கே தெரியவில்லை. "இது எப்போலேருந்து?" என்று கேட்டேன். "கல்யாணமான நாள்லேருந்து சொல்லிட்டிருக்கேன், கைய எடு கைய எடுன்னு. கேட்டாத்தான?" என்றார்.

ஒவ்வொரு வகுப்பிலும் பிரேக் அடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்க, என் விரல் அதை வலப்பக்கம் இழுத்து நேராக்கியிருக்கிறது. மில்லிமீட்டர் ஓட்டிப் பார்த்த இரண்டு முறையும் அதே இருக்கையில் இருந்த என் விரல் அதே வேலையைச் செய்திருக்கிறது. அவர் நேராகப் போகிறது என்று எழுதியது அவர் கண்டது. ஏமாற்றிவிடுவார் என்று பயந்து வண்டியை விட்டு இறங்காமல் இருந்த நான்தான், எனக்கே தெரியாமல் அவரை ஏமாற்றியிருக்கிறேன். நேற்று முன்தினம் இரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. நேற்றே வந்திருக்க வேண்டும். வெட்கத்தில் வரவில்லை. அத்தானுக்கு நான் இங்கே வந்தது தெரியாது. தெரிந்தால் வேலை போகும், உரிமமும் போகலாம் என்பதை அறிந்தே சொல்கிறேன்.

இந்த இடத்தில் தலைமைக் காவலர் அம்மா பேனாவைக் கீழே வைத்து, "ஆமா டீச்சர், உங்க விரல் எப்பவும் அங்கதான் இருக்கும். நான் சும்மா வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றார். அதையும் எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டேன்.

விபத்து தையல்கார அம்மாவின் தவறால் நடக்கவில்லை. மில்லிமீட்டரின் தவறாலும் நடக்கவில்லை. தனியாக ஓட்டிப் பார்க்கவும், கழற்றிப் பார்க்கவும் அவர் கேட்டார், நான் மறுத்தேன். ஆறாம் தேதி கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அவர் கடையைத் திறந்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நிலைய வளாகத்தில் நிற்கும் வெள்ளை வண்டி விடுவிக்கப்படும்போது அதை வேறு எந்தக் கடைக்கும் கொண்டுபோக மாட்டேன். எடுத்துக்கொள்வதும் மறுப்பதும் மில்லிமீட்டரின் விருப்பம். எடுத்துக்கொண்டால் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் சாலையோரத்தில் நின்றுகொள்கிறேன். அவர் தனியாக ஓட்டிப் பார்க்கட்டும்.

மேலே உள்ள யாவும் நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன், சொன்னது முழுவதும் உண்மை, இம்முறை எதையும் விட்டுவிடவில்லை.

(ஒப்பம்)
வண்டி டீச்சர்

என் முன்பாக,
(ஒப்பம்)
தலைமைக் காவலர்