பூஜ்ஜிய டிகிரியில் நீல மெழுகு

வெயிலும் குளிரும் இல்லாமல் பூஜ்ஜிய டிகிரியில் பனி கிடந்தால், பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு பூசுகிறவனுக்குப் பிழைப்பே வெறுத்துவிடும். கடுங்குளிருக்கு நீல டப்பா, பனி இளகினால் சிவப்பு டப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். பூஜ்ஜியத்தில் எதை எடுத்தாலும் தப்பாகலாம். அதனால் அப்படிப்பட்ட நாளில் தோற்றுப்போனவர்கள் மெழுகு பூசியவனைக் குற்றம் சொல்வதில்லை.

நம் பனிச்சறுக்குச் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு என் மனைவி பெரித்தின் பந்தய வாழ்க்கையைப் பற்றி ஒரு பக்கம் கேட்டிருந்தீர்கள், செயலாளரே. பதினோரு பருவங்கள் அவளுடைய சறுக்குக்கட்டைகளுக்கு மெழுகு பூசியவன் நான். என்னைவிட யாருக்குத் தெரியும்?

யெம்ட்லாந்து மாவட்டத்தில் ஒன்பது முறை முதலாவதாக வந்தாள். தேசிய அணிக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை. மலரில் துரதிர்ஷ்டம் என்று போடுவீர்கள்.

எண்பத்து நாலில் ஓஸ்டர்சுண்டில் முதல் தேர்வுப் பந்தயம். அன்றும் பூஜ்ஜியம். நான் நிஜமாகவே தவறு செய்தேன், அதை நீங்கள் நம்ப வேண்டும். நீல மெழுகு பூசிவிட்டேன். கால் மிதிக்கும் இடத்தில் மெழுகு பனியைப் பிடித்தால்தான் மேட்டில் ஏற முடியும். அவளுக்கு ஒவ்வொரு மிதியும் பின்னால் வழுக்கியது. பதினான்காவதாக வந்தாள். மற்றவர்களாக இருந்தால் கட்டையைத் தூக்கி எறிந்திருப்பார்கள். பெரித் நேராக வந்து என் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். வீடு போகும் வழியெல்லாம் என் கையை விடவில்லை. அணிக்குத் தேர்வாகியிருந்தால் வருடத்தில் இருநூறு நாள் முகாமில் இருந்திருப்பாள். நான் மரம் அறுக்கும் ஆலையில் வேலை முடித்து வந்து, ஒற்றை ஆளாக உருளைக்கிழங்கு வேகவைத்துத் தின்றிருப்பேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில் இருந்தாள். நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை.

அடுத்த தேர்வில் நடந்தது கைத்தவறு இல்லை.

ஊர்ப் பந்தயங்களில் அவளைப் பறக்கவிட்டேன். எனக்குக் கைராசி என்று எல்லாரும் சொல்வார்கள். மெழுகுக் கொட்டகையில் கூட மெழுகு பூசும் ஹோக்கன் கிண்டலடிப்பான்: "என்ன ரூனே, கட்டைக்கு மெழுகு பூசுறியா, கேக்குக்கு க்ரீம் தடவுறியா?" சரியான மெழுகைத் தேய்த்து, நானே கட்டையைக் கட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் பார்ப்பேன். பசை போட்ட மாதிரி நிற்கும். தேர்வு நாளில் பனி பூஜ்ஜியத்தில் இருந்தால் மட்டும், ஏறிப் பார்த்து வந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு, நீலம். மெல்லியதுதான். பதினோரு வருடத்தில் ஆறு முறை. பூஜ்ஜியம் இல்லாத தேர்வுகளில் ஒழுங்காகவே பூசினேன். அவற்றில் இரண்டு முறை, ஒரே ஒரு இடத்தில் அணியைத் தவறவிட்டாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

கடைசித் தேர்வில் அவளுக்கு முப்பத்திரண்டு வயது. முன்னதாகவே உறுதியாகச் சொல்லியிருந்தாள், இதுதான் கடைசி என்று. கால் வழுக்க வழுக்க, ஊன்றுகோல்களைக் குத்தி, முப்பது கிலோமீட்டரையும் கைகளாலேயே இழுத்து முடித்தாள். கடைசி மேட்டில் வலது தோளில் ஏதோ அறுந்தது, ஓரத்தில் நின்ற எனக்குக்கூட அவள் முகத்தில் தெரிந்தது. அப்படியும் ஐந்தாவது. நான்கு பேரைத்தான் எடுத்தார்கள். சூடான புளுபெர்ரி சாற்றை நான்தான் அவள் வாயருகே பிடித்துக் குடிக்க வைத்தேன். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பு இல்லை.

"எனக்கு அவ்வளவுதான் தெறம, ரூனே," என்றாள். "உன்னக் கொற சொல்ல மாட்டேன். நீ இல்லேன்னா இந்த மாவட்டத்தக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்."

அந்தத் தோள் சரியாகவே இல்லை. காபிக் கெட்டிலை இடது கையால்தான் தூக்குகிறாள். பத்தொன்பது வருடமாகக் காலையில் அவளுக்குத் தலை வாரிவிடுகிறவன் நான். எந்தப் புருஷன் செய்வான், சொல்லுங்கள்.

எங்கள் மகள் தூவாவை உங்களுக்குத் தெரியும். பதினாறு வயது, அம்மாவின் அதே நீண்ட மிதி. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பனிச்சறுக்குப் பள்ளியின் தேர்வுப் பந்தயம். இடம் கிடைத்தால் மூன்று வருடம் விடுதி, அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால். பெரித் ஒரு மாதமாகத் தூங்கவில்லை. தனக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறாள்.

நேற்று சாப்பிடும்போது தூவா, சங்கத்தில் புதிதாக வந்த பையனிடம் மெழுகு பூசக் கட்டையைக் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். பெரித்துக்கு வந்ததே கோபம்.

"அப்பாகிட்ட குடுடி. அந்தக் கைய நம்பித்தான் நான் பதினோரு வருஷம் ஓடுனேன்."

தூவா எழுந்து வந்து கட்டைகளை என் மடியில் வைத்தாள். "சும்மா கேட்டேம்ப்பா. நீதான் பூசணும்," என்றாள்.

இன்று காலை தடத்துக்குப் போய்ப் பனியைக் கையில் அள்ளிப் பார்த்தேன். ஞாயிறும் இப்படியே இருக்கும் என்று வானொலியில் சொன்னார்கள். பூஜ்ஜியம். இந்தப் பக்கத்தைத் தபாலில் போடுகிறேன், திங்கட்கிழமை உங்கள் கைக்கு வரும். மலரில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

தூவா வீட்டை விட்டுத் தங்கிப் பழகாத பிள்ளை. பந்தயம் முடியும் கோட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கப் போகிறேன், அழுதுகொண்டு வந்தால் பிடித்துக்கொள்ள யாராவது வேண்டுமே.