புரொபெல்லர் தண்டில் இரண்டு சிவப்புப் பொட்டு

புத்தூர் போலீஸ் நிலையம். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை வடமாலைப்பேட்டை அருகே நடந்த பஸ் விபத்து சம்பந்தமாக, 1960-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் சாட்சி தமிழில் சொல்ல, தமிழ் எழுதத் தெரிந்த ஏட்டு கோவர்த்தனன் எழுதிக்கொண்டது.

என் பெயர் பச்சையப்பன். தகப்பனார் குப்பன், காலஞ்சென்றவர். வயது நாற்பத்தாறு. மோட்டார் மெக்கானிக் வேலை. விலாசம், புத்தூர் பஸ் ஷெட்டின் பின்பக்க அறை. வீட்டில் வேறு யார் யார் என்று கேட்டதற்கு, வேறு யாரும் இல்லை. மனைவி இறந்துவிட்டாள், பிள்ளை கிடையாது. எனக்குத் தெலுங்கு நன்றாக வரும். இன்ஸ்பெக்டர் ஐயா தெலுங்கில்தான் கேட்டார். ஆனால் இந்த விஷயத்தைத் தமிழில்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியும் என்று கேட்டுக்கொண்டேன்.

இப்போது லாக்கப்பில் இருக்கும் டிரைவர் சிட்டிபாபுவை எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியின் புத்தூர் – திருப்பதி பஸ்ஸை அவன்தான் ஓட்டுகிறான். அவன் கண்மண் தெரியாமல் ஓட்டியதால் பஸ் பள்ளத்தில் இறங்கி, விஜயபுரத்திலிருந்து மொட்டை போட வந்த பாலையா என்கிற பெரியவர் இறந்துபோனார் என்று கேஸ் எழுதியிருப்பதாகச் சொல்கிறார்கள். அது பொய். அவன் வேகமாக ஓட்டவில்லை. அவனுடைய பெண்சாதி கங்கம்மா வெளியே வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியோடு உட்கார்ந்திருக்கிறாள். நான் சரியாகச் சொன்னால் அவன் வீட்டுக்குப் போவான், சொல்லாவிட்டால் ஜெயிலுக்குப் போவான் என்று எனக்குத் தெரியும்.

ஏட்டையா சுருக்கமாகச் சொல்லச் சொல்கிறார். சுருக்கினால் விளங்காது. எழுதிக்கொள்ளட்டும்.

முன்பு எங்கள் ஷெட்டில் ஐந்து பஸ் இருந்தது, வேலைக்கு ஆட்களும் நிறைய இருந்தார்கள். இந்த வருஷம் ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸ் பக்கம் போய், புத்தூர் ஆந்திராவிலேயே நின்றதும், முதலாளி நாகபூஷணம் பர்மிட்டை எல்லாம் பார்த்து நாலு பஸ்ஸைத் திருத்தணி ஷெட்டுக்கு மாற்றினார். ஆட்களும் குடும்பத்தோடு அங்கே போனார்கள். மிச்சம் இருந்த ஒரு பஸ்ஸுக்கு ஒரு மெக்கானிக் வேண்டியிருந்தது. முதலாளி என்னைப் பார்த்து, "குடும்பம் குட்டி இல்லாதவன் நீதான், இங்கியே இரு" என்றார். இருந்தேன்.

போனவர்களில் துலுக்காணம் என்கிறவன் என்னோடு பஸ்ஸுக்கு அடியில் ஒரே குழிக்குள் நின்று வேலை செய்தவன். அவன் ஸ்பானர் பிடிப்பான், நான் விளக்குப் பிடிப்பேன். இல்லையென்றால் நான் ஸ்பானர், அவன் விளக்கு. பேச்சே வேண்டியதில்லை, கையை நீட்டினால் போதும். அங்கே போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தான். பிறகு அங்கே வேலை அதிகமாகிவிட்டது. நான் போயிருக்கலாமே என்று ஏட்டையா கேட்கிறார். போயிருக்கலாம். ஒரு தடவை போனேன். அங்கே அவர்கள் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கும் இலை போட்டார்கள். அதற்குப் பிறகு போகவில்லை.

இந்த பஸ்ஸுக்கு என்ன கோளாறு என்பதை இனிச் சொல்கிறேன். இன்ஜினின் சுற்றை கியர்ப் பெட்டியிலிருந்து பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது புரொபெல்லர் ஷாப்ட். நாங்கள் தண்டு என்போம். பஸ்ஸின் அடியில் நீளவாக்கில் ஓடும். முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டு, நடுவில் ஜாயிண்டு போட்டுப் போல்ட்டால் பூட்டியிருக்கும். இதன் பின்பாதியைக் கழற்றினால் தலை வேறு, உடம்பு வேறாக வரும். பல் வெட்டிய உடம்பைத் தலைக்குள் செருக வேண்டும். எந்தப் பல்லில் வேண்டுமானாலும் செருகலாம், உள்ளே போய்விடும். ஆனால் ஒரே ஒரு பொருத்தம்தான் சரி. மாற்றிச் செருகினால் வண்டி ஓடும், ஆனால் ஓட ஓடத் தண்டு உதறும். உதறினால் போல்ட்டு தளரும். அதற்காகத் தண்டு செய்கிற கம்பெனியிலேயே இரண்டு பக்கமும் அம்புக்குறி வெட்டியிருப்பார்கள். நான் கழற்றும்போது அதற்கு மேலே சிவப்புப் பெயிண்டால் இரண்டு பொட்டு வைப்பேன். பூட்டும்போது பொட்டுக்கு நேர் பொட்டு வர வேண்டும். எங்கள் ஷெட்டில் எல்லோருக்கும் இது தெரியும். துலுக்காணம் குழிக்குள் இறங்கியதும் முதலில், "பச்சை, உன் பொட்டு எங்கடா?" என்றுதான் கேட்பான்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள், தண்டின் கிராஸ், அதாவது ஜாயிண்டுக்குள் இருக்கிற சிலுவைத் துண்டு, தேய்ந்திருந்ததால் நான் அதை இறக்கிக் கழற்றினேன். எங்களிடம் பூசைக்கு வெளியே கிடக்கிற சாமானை எல்லாம் சுரண்டிக் கழுவிக் கறுப்புப் பெயிண்ட் அடித்து வைப்பது பழக்கம். தண்டின் தலைக்கும் உடம்புக்கும் அப்படியே அடித்தேன். அம்புக்குறி பெயிண்டுக்குள் போனது. பெயிண்ட் காய்ந்த பிறகு, பூட்டுகிற அன்றைக்குச் சுரண்டிப் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று இருந்தேன். கழற்றும்போது வைக்கிற பொட்டு பெயிண்டுக்குள் போய்விடும் என்பதால், பூசைச் சமயத்தில் எப்போதும் அப்படித்தான் செய்வேன்.

அதற்குப் பிறகு பூசை நாள் வந்தது. பூசை செய்வது எப்போதும் துலுக்காணத்தின் வேலை. குங்குமத்தைத் தொடுவது அவன் ஒருவன்தான். அவன் கற்பூரம் காட்டும்போதுகூட நான் வெளியே நின்று பீடி குடிக்கிற ஆள். "சாமி உன்னை மட்டும் விட்டுடுமாடா?" என்று திட்டுவான். இந்த வருஷம் அவன் இல்லை. சிட்டிபாபு மாமியார் வீட்டுக்கு நாராயணவனம் போயிருந்தான். ஷெட்டில் நான் மட்டும்தான். பூசையே வேண்டாம் என்றுதான் முதலில் இருந்தேன். பிறகு ஸ்பானர், ஜாக்கி, கழற்றிப் போட்ட தண்டு எல்லாம் சாக்கின்மேல் கறுப்பாகக் கிடந்ததைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அவன் செய்கிறபடியே குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். தண்டின் தலைக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று. கைக்கு வந்த இடத்தில் வைத்தேன். பொரியும் கடலையும் வாங்கி வைத்துப் படைத்தேன். கொடுக்க ஆள் இல்லாததால் நானே தின்றேன். ஸ்பானர், ஜாக்கியை எல்லாம் துடைத்து எடுத்து வைத்தேன், தண்டை மட்டும் அப்படியே சாக்கின்மேல் விட்டேன்.

அதற்கு மறுநாள் எனக்குக் காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியவில்லை. பஸ் நிற்கிறது என்று முதலாளி திருத்தணிக்கு ஆள் அனுப்பித் துலுக்காணத்தை வரவழைத்தார். அவன் வந்து தண்டைப் பூட்டிவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டான். அவன் வந்தது எனக்குத் தெரியாது. தூங்கிக்கொண்டிருந்தேன். கண் விழித்தபோது ஜன்னலில் இரண்டு சாத்துக்குடியும் ஒரு கட்டு பீடியும் இருந்தன. எழுப்பியிருக்கலாம். எழுப்பியிருந்தால் ஒரு வார்த்தை கேட்டிருப்பான், நானும் சொல்லியிருப்பேன். காய்ச்சல்காரனை எழுப்ப வேண்டாம் என்று நினைத்திருக்கிறான். அவன் குணம் அது.

அதற்குப் பிறகு நான் எழுந்து நடமாடியபோது, சிட்டிபாபு வந்து, "அண்ணே, வண்டி அடியில இன்னாவோ நடுங்குது, பொம்பளைங்க எல்லாம் பயந்துக்கினு காலைத் தூக்கி வெச்சிக்கினு குந்தறாங்க" என்றான். நான் அவனோடு நாராயணவனம் வரை போய் வந்தேன். நடு சீட்டில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பலகையில் வெறுங்காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெதுவாகப் போகும்போது ஒன்றும் இல்லை. கொஞ்சம் வேகம் எடுத்ததும் உள்ளங்கால் மரத்துப்போகிற மாதிரி அதிர்ந்தது. ஸ்டீயரிங் ஆடுகிறதா என்று கேட்டேன். இல்லை என்றான். ஆகவே முன்சக்கரம் இல்லை. பிறகு அதே வேகத்தில் கியரை நியூட்ரலில் தள்ளி வண்டியைத் தானாக ஓட விடச் சொன்னேன். இன்ஜின் சத்தம் அடங்கியது, அதிர்வு அடங்கவில்லை. ஆகவே இன்ஜின் இல்லை. தண்டுதான் என்று தெரிந்துகொண்டேன்.

ஷெட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். தண்டின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு, உடம்பில் ஒரு சிவப்புப் பொட்டு. நூல் பிடித்த மாதிரி நேருக்கு நேர் நின்றன. நான் வைத்த குங்குமம். பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தேன். அம்புக்குறி இரண்டும் நாலு பல் தள்ளி இருந்தன. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் சாமிக்குப் பொட்டு வைப்பேன் என்று துலுக்காணத்துக்கு எப்படித் தெரியும்? தான் இல்லாத ஷெட்டில் பூசையே நடந்திருக்காது என்று நினைத்திருப்பான். சிவப்பைப் பார்த்ததும் இது பச்சையப்பன் குறி என்று கண்ணை மூடிக்கொண்டு பூட்டிவிட்டான். வேறு யார் பூட்டியிருந்தாலும் அம்புக்குறியைத் தேடியிருப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. என் குறியை நம்புகிற ஒரு ஆள் இன்னும் இருக்கிறான் என்று நினைத்து, எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தேன். இது கேஸுக்கு வேண்டாம் என்கிறார் ஏட்டையா. எழுதச் சொன்னேன்.

நடு ஜாயிண்டின் போல்ட்டுகள் தளர்ந்திருந்தன. அவற்றை இறுக்கினேன். தண்டை இறக்கி, நாலு பல் திருப்பிப் பூட்ட அரை நாள் போதும். முதலாளியிடம் போய், வண்டியை ஒரு நாள் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் போல்ட்டு மறுபடியும் தளர்ந்து தண்டு கீழே விழும் என்று சொன்னேன். சிட்டிபாபுவும் பக்கத்தில் இருந்தான். முதலாளி, "கடைசி சனிக்கிழமை கூட்டம் போயிக்கினு இருக்கு, இப்ப நிறுத்துன்றியே, உனக்குப் புத்தி இருக்குதா? சனிக்கிழமை போவட்டும்" என்றார். அதிலிருந்து பஸ்ஸை இரவும் திருப்பதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். வண்டி என் கைக்குத் திரும்ப வரவில்லை. சிட்டிபாபுவிடம், அதிர்வு தொடங்குகிற வேகத்துக்கு மேலே போகவே கூடாது என்று சொல்லி அனுப்பினேன். "சரிண்ணே, மாட்டுவண்டி மாதிரி ஓட்டறேன்" என்றான். அப்படித்தான் ஓட்டினான். லேட்டாக வருகிறான் என்று பயணிகள் திட்டியது திருப்பதி ஸ்டாண்டில் எல்லோருக்கும் தெரியும். விசாரித்துப் பார்க்கலாம்.

நீ ஏன் வண்டியைத் தடுக்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். திருப்பதிக்குப் போய் சக்கரத்துக்கு முன்னால் படுத்திருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தகவல் கிடைத்து நான் வடமாலைப்பேட்டைக்குப் போய்ப் பார்த்தேன். நடு ஜாயிண்டு விட்டுப்போய், தண்டின் தலை ரோட்டில் குத்தி, பஸ்ஸின் பின்பக்கத்தைத் தூக்கிப் பள்ளத்தில் தள்ளியிருக்கிறது. தண்டு குத்தின இடத்திலிருந்து பஸ் நின்ற இடம் வரை ரோட்டில் கீறல் இருக்கிறது. அது பஸ்ஸின் நீளம்கூட இல்லை. வேகமாக வந்த வண்டியாக இருந்தால் குட்டிக்கரணம் போட்டு அத்தனை பேரையும் கொன்றிருக்கும். மெதுவாக வந்ததால்தான் மற்றவர்கள் பிழைத்தார்கள். மழை வருவதற்குள் அந்தக் கீறலை அளந்து எழுதிக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

நேற்று முதலாளி என் அறைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் அந்த அறைக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கட்டிலில் உட்கார்ந்து, "டிரைவர் வேகமா ஓட்டினான்னு சொல்லிட்டுப் போடா. தண்டைப் பத்திப் பேசினா துலுக்காணம் பேருதான் வெளியில வரும். புள்ளகுட்டிக்காரன், அவன் சோத்துல மண்ணைப் போடாதே" என்றார். இந்த ஊரில் என்னோடு பேசுகிறவன் சிட்டிபாபு ஒருவன். அந்த ஊரில் எனக்கென்று இருக்கிறவன் துலுக்காணம் ஒருவன். ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவனைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று வந்து நிற்கிறது.

ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். தண்டை மாற்றிப் பூட்டியது துலுக்காணம். அது அரை நாளில் திருத்தக்கூடிய தப்பு. தப்பைக் கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் வண்டியை ஓட விட்டது முதலாளி நாகபூஷணம். சிட்டிபாபு மேல் ஒரு தப்பும் இல்லை. தண்டு இந்த ஸ்டேஷன் கொட்டகையில்தான் கிடக்கிறது. அதில் இருக்கிற இரண்டு பொட்டையும் யாரும் துடைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று. சாட்சிக்கு வரச் சொல்லி துலுக்காணத்துக்குத் திருத்தணிக்கு ஆள் போவார் என்று ஏட்டையா சொன்னார். போகிறவர், பச்சையப்பன் உன்னைக் காட்டிக்கொடுத்தான் என்று மட்டும் சொல்லிவிட்டு வர வேண்டாம். அது என் குறி இல்லை, சாமிப் பொட்டு, நீ இல்லாததால் உன் வேலையை நான் செய்தேன் என்று அவனிடம் சொல்ல வேண்டும். அவனுக்குப் புரியும். இனி அவன் என் ஜன்னல் பக்கம் வர மாட்டான் என்பது எனக்கும் தெரியும்.

ஏட்டையா எழுதியதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இருக்கிறது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவில்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) கு. பச்சையப்பன்