எண்பத்து நான்கு சென்டிமீட்டர்

கம்பளித் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்திவிட வேண்டும், ஐயா. இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சுருங்கி மானத்தை வாங்கிவிடும். நான் நனைத்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

என் மகன் தார்யேக்குப் பதினைந்து வயது. மே மாதம் அவனைச் சபையில் முழு அங்கத்தினனாக்கும் திடப்படுத்தல் ஆராதனை. அன்றைக்குப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் பள்ளத்தாக்கின் உடுப்பில்தான் ஆலயத்துக்கு வருவார்கள். அதில் கண்ணில் படுவது வெயிஸ்ட் கோட்டுதான். பச்சைக் கம்பளி, உடம்போடு ஒட்டிய வெட்டு, உள்ளே கோடு போட்ட லைனிங், வெள்ளிப் பொத்தான். ஊர் உடுப்பு மாறாமல் காக்கும் உடுப்புக் கமிட்டியின் பேட்டர்னை வைத்து அக்டோபரில் வெட்டினேன். அப்போது அவன் மார்பு எண்பத்து நான்கு சென்டிமீட்டர். கோட்டு கச்சிதமாக உட்கார்ந்தது.

அந்தக் கமிட்டியில் பதினோரு வருடமாக இருக்கிறேன். போன வருடம் தேசிய நாள் ஊர்வலத்தில் பக்கத்து வீட்டுக் குன்வோரை நிறுத்தி, "இது நம்ம பள்ளத்தாக்குப் பொத்தான் இல்லையே" என்று கேட்டது நான்தான். நாலு பேர் முன்னால் கேட்டேன். தனியாகச் சொன்னால் யாரும் திருந்துவதில்லை. அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

ஜனவரியில் தார்யே படகுக் குழுவில் சேர்ந்தான். துடுப்பு போடுகிறவனுக்குத் தோள் விரியத்தானே செய்யும். ஈஸ்டருக்கு அளந்தேன், தொண்ணூற்றிரண்டு. மூச்சை விடச் சொன்னேன். தொண்ணூற்றொன்றரை.

நான் பதறுகிற ஆள் இல்லை. முதலில் துடுப்பை ஒளித்து வைத்தேன். இரவல் வாங்கி வந்தான். தட்டில் உருளைக்கிழங்கைக் குறைத்தேன். குன்வோர் வீட்டில் போய்ச் சாப்பிட்டான். அவள் வேண்டுமென்றே வெண்ணெயை அள்ளி வைத்திருப்பாள். மார்பைச் சுற்றித் துணிப்பட்டை கட்டித் தூங்க வைத்தேன். நாலாம் நாள் பட்டைதான் கிழிந்தது.

கடலில் எண்ணெய்க் கிணற்று மேடையில் வேலை பார்க்கும் என் கணவர் ஹால்வோர் ஃபோனில் கேட்டார்.

"பக்கத் தையலைக் கொஞ்சம் பிரிச்சு விட்டா ஆகாதா, ஓஷில்ட்?"

"உங்களுக்குத் தையலைப் பத்தி என்ன தெரியும்?"

"எங்கம்மா எனக்கு வருஷா வருஷம் பிரிச்சு விடுவாங்களே."

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஆராதனைக்கும் விருந்துக்கும் என் தங்கை ரக்ன்ஹில்ட் தன் மகன் சோந்த்ரேயோடு வந்தாள். அவன் ஒரு வயது இளையவன், ஒல்லி. கட்டிப் பிடித்தபோதே என் கைக்குத் தெரிந்துவிட்டது, எண்பத்து நான்கு. நீங்களே யோசித்துப் பாருங்கள். கோட்டு அப்படியேதான் இருந்தது. பையன்தான் சொன்ன அளவில் நிற்கவில்லை.

சனிக்கிழமை மதியம் தார்யேயைச் சாமான் கொட்டிலுக்கு அனுப்பி இறைச்சி எடுத்து வரச் சொன்னேன். அவன் உள்ளே போனதும் வெளியே பூட்டினேன். தடித்த மரச்சுவர், சத்தம் வீட்டுக்குக் கேட்காது. விருந்துச் சாமான் முழுக்க உள்ளேதான் இருந்தது. இரண்டு போர்வையும் முன்கூட்டியே வைத்திருந்தேன். கொடுமைக்காரி இதையெல்லாம் செய்வாளா? தங்கையிடம், அவன் கூச்சப்பட்டு மலைக் குடிலுக்குப் போய்விட்டான் என்றேன்.

மறுநாள் ஆராதனை. எங்கள் போதகருக்கு முதுகுப் பிடிப்பு. அவருக்குப் பதிலாக நகரத்திலிருந்து வந்த போதகர் பட்டியலைப் பார்த்துப் பெயர் வாசித்தார். தார்யே என்றதும், கோட்டை மாட்டிவிட்டிருந்த சோந்த்ரேயை முன்னால் தள்ளினேன்.

"பெரியம்மா, நான் தார்யே இல்லையே."

"அரை மணி நேரந்தான் கண்ணு. நிமிர்ந்து நில்லு."

தங்கை என் காதருகே குனிந்தாள். "அக்கா, அங்க நிக்கிறது என் பையனாச்சே?"

"முதுகுல சுருக்கம் ஏதாவது தெரியுதா பாரு."

பார்த்தாள். "இல்ல."

"அப்புறம் என்ன?"

ஊராருக்குத் தார்யேயைத் தெரியாதா? நான் திரும்பிப் பார்த்தபோது ஆளாளுக்குத் தங்கள் பொத்தானைக் கையால் மறைத்துக்கொண்டார்கள். போதகர் சோந்த்ரே தலையில் கை வைத்து, தார்யேயை ஆசீர்வதித்தார்.

சாயங்காலம் ஊர் வந்த ஹால்வோர் கேக் எடுக்கக் கொட்டிலைத் திறந்தார். பன்னிரண்டில் ஒன்பது பாதாம் கேக்கை மகன் தின்று தீர்த்திருந்தான். கண் வீங்கியிருந்தது. அதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது, மறைக்கவில்லை. போலீசுக்கு ஃபோன் போட்டு உங்களைக் கூப்பிட்டது ஹால்வோர்தான்.

"பிரிச்சு விட்டிருக்கலாமேம்மா," என்றான் தார்யே. "இல்லேன்னா நான் பழைய ஸ்வெட்டர்லயே போயிருப்பேனே."

காரணத்தை அவனுக்கு அல்ல, உங்களுக்குச் சொல்கிறேன். வளரும் பிள்ளைக்குத் தைத்தால் பக்கத் தையலுக்குள் மூன்று விரல் துணி விட வேண்டும். இங்கே ஊசி பிடித்த எல்லோருக்கும் தெரியும். விட்டால் லைனிங்குக்கு அடியில் தடிப்பாகத் தெரியும். அது எனக்குப் பிடிக்கவில்லை. அக்டோபரிலேயே தையலை ஒட்டி நறுக்கி அடுப்பில் போட்டுவிட்டேன். பிரிப்பதற்கு உள்ளே ஒன்றும் இல்லை.

பெற்ற மகனைப் பூட்டி வைத்தேன், அவன் இடத்தில் வேறொருவனை நிறுத்தினேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். துணி விடாமல் வெட்டினேன் என்பதை மட்டும் எழுத வேண்டாம், ஐயா. அது குன்வோர் காதுக்குப் போனால் நான் எந்த முகத்தோடு ஊர்வலத்தில் நடப்பேன்?